உயிர்வேதியியல் பட்டத்துக்கு அடித்தள ஆண்டா, அக்சஸ் டிப்ளமாவா?

இங்கிலாந்தில் ஏ-லெவல் (பள்ளி இறுதித் தேர்வு) வேதியியல் இல்லாதவருக்கும் உயிர்வேதியியலுக்கு வழி உண்டு.

பட்டப்படிப்புக்கு முன் மாணவரைத் தயார்படுத்தும் அடித்தள ஆண்டைப் பல பல்கலைக்கழகங்கள் தாமே நடத்துகின்றன. பட்டத்தோடு சேர்த்து 4 ஆண்டுகள். ஒரே விண்ணப்பம், தொடக்கத்திலிருந்தே மாணவர் கடன். ஆனால் அறிவியலுக்கு அந்த ஆண்டும் முழுக் கட்டணம்: 2025-26இல் உச்சவரம்பு 9,535 பவுண்டு. வெறும் தேர்ச்சி போதாமல், வேதியியலுக்குத் தனி மதிப்பெண் வரம்பு வைக்கும் துறைகளும் உண்டு. வேறு பல்கலைக்கழகம் இந்த ஆண்டை ஏற்கும் என்ற உறுதியும் இல்லை.

ஏ-லெவலுக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்துக்குத் தயார்படுத்தும் அக்சஸ் டிப்ளமா கல்லூரியில், பெரும்பாலும் ஓராண்டு. 60 கிரெடிட், அதில் 45க்குத் தரம் இடுவார்கள். யூகாஸ் (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான பொது விண்ணப்ப அமைப்பு) வழியே 5 இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு வாங்கிய வயதுவந்தோர் கல்விக் கடனின் நிலுவை, தகுதியுள்ள பட்டப்படிப்பை முடித்தால் தள்ளுபடி. சறுக்கல் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில்தான். செவிலியர் படிப்பை நோக்கிய டிப்ளமாவில் வேதியியல் குறைவாக இருக்கும். உயிர்வேதியியல் துறையோ வேதியியல் கிரெடிட்டுகளில் டிஸ்டிங்ஷன் (உயர்ந்த தரம்) கேட்கலாம். பணம் கட்டும் முன் அலகுப் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்துக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். ஜிசிஎஸ்இ (16 வயதையொட்டி எழுதும் பள்ளித் தேர்வு) கணிதம், ஆங்கிலம் இல்லையென்றால் அதையும் அப்போதே கேளுங்கள்.

பணம் இறுக்கமென்றால் அக்சஸ் நல்லது. ஆய்வகப் பழக்கம் வேண்டுமென்றால் அடித்தள ஆண்டு. எதில் சேர்ந்தாலும் மோல் கணக்கையும் மடக்கையையும் கோடையிலேயே பழகுங்கள். பிஎச், தாங்கல் கரைசல் கணக்குகள் இவ்விரண்டின்மேல்தான் நிற்கின்றன.