கேப்சைசின் கிரீம்: எரிச்சலைத் தாண்டினால்தான் பலன்

0.075 சதவீத கேப்சைசின் கிரீமை நரம்பு வலிக்கு வாங்குபவர்களில் பலர் இரண்டாவது வாரத்துக்குள் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். "ஏற்கெனவே எரியுற காலு, இதைப் போட்டா இன்னும் எரியுது" என்பதுதான் காரணம். அந்த எரிச்சல் பக்கவிளைவு மட்டுமல்ல, மருந்து வேலையைத் தொடங்கியதன் அடையாளமும்கூட. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

மிளகாயின் காரம்தான் கேப்சைசின். தோலில் இருக்கும் வலி நரம்பு முனைகளில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியை அது திறந்துவிடுகிறது. 1997இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பி திறந்ததும் கால்சியம் உள்ளே பாய்ந்து நரம்பு துடிக்கிறது. விடாமல் மருந்து பட்டுக்கொண்டே இருந்தால் அந்த முனைகள் ஓய்ந்து, மேல்தோலிலிருந்து பின்வாங்குகின்றன. வலி குறைவது அப்போதுதான்.

அதனால் தினமும் 3 அல்லது 4 வேளை போட வேண்டும். வலிக்கும்போது மட்டும் போடுவது வீண். நரம்பு ஓயவும் ஓயாது, ஒவ்வொரு முறையும் புதிதாக எரியும். முதல் இரண்டு வாரம் கஷ்டம். பிறகு எரிச்சல் நேரம் சுருங்கும். பலன் தெரிய நான்கு வாரமாவது பிடிக்கும். எட்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடலாம். தினமும் இரவு வலிக்கு பத்துக்கு எத்தனை என்று எழுதி வையுங்கள். இரண்டு புள்ளி இறங்கினாலே நல்ல முன்னேற்றம்.

போடும் விதத்தில்தான் தவறுகள் அதிகம். மெல்லிய பூச்சு போதும், வெள்ளைத் தடம் மறையும்வரை தேய்க்க வேண்டும். மிஞ்சியது காய்ந்து காலுறையில் பொடியாக ஒட்டும். காலுறையை உதறிக் கழற்றும்போது அந்தப் பொடி மூக்கில் ஏறி இருமலும் தும்மலும் வரும். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த இருமல் கூடுதலாக இருக்கலாம். வெந்நீர்க் குளியலுக்குச் சற்று முன்போ பின்போ போடக் கூடாது. பூசிய இடத்தை இறுக்கிக் கட்டுவதும் ஒத்தடம் கொடுப்பதும் எரிச்சலை ஏற்றிவிடும். கேப்சைசின் வெறும் தண்ணீரில் கரையாது. விரல்களில் முதலில் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்கே மருந்து என்றால் அரை மணி நேரம் கழித்துக் கழுவினால் போதும். அதுவரை கண் பக்கம் கை போகக் கூடாது.

எரிச்சல், ஊசி குத்துவது, போர்வை பட்டாலே வலிப்பது ஆகியவற்றுக்கு இது உதவலாம். மதமதப்பு போகாது, நரம்பின் பழுதும் சரியாகாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்த்துவிட்டே பூச வேண்டும். வெடிப்பு, புண், அக்கிக் கொப்புளம் இருந்தால் அங்கே கூடவே கூடாது. மிளகாயை எண்ணெயில் காய்ச்சித் தடவுவது ஆபத்து. அதில் கேப்சைசின் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, தோல் வெந்துபோகலாம்.

கிரீமை நாள்தோறும் போட முடியாதவர்களுக்கு, தோலில் ஒட்டும் 8 சதவீத கேப்சைசின் பட்டை இருக்கிறது. அமெரிக்காவில் அக்கிக்குப் பின் வரும் வலிக்கு 2009இலும், சர்க்கரை நோயின் பாத வலிக்கு 2020இலும் அனுமதி கிடைத்தது. பாதத்துக்கு 30 நிமிடம், அக்கி வலிக்கு 60 நிமிடம் ஒட்டி வைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது. மருத்துவமனையில் நைட்ரைல் கையுறை போட்டவர்கள்தான் ஒட்ட வேண்டும், லேடெக்ஸ் கையுறை கேப்சைசினைத் தடுக்காது.

நரம்பு வலிக்குச் சிலர் நாடும், மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் மாத்திரை விலங்கு ஆய்வுகளில் நம்பிக்கை தந்தாலும், சாப்பிட்டால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேர்கிறது. அதைக் கூட்ட மிளகின் பைப்பரினைச் சேர்க்கிறார்கள். பைப்பரின் வலிப்பு மருந்தான ஃபெனிடோயினின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். மாத்திரைப் பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் இதைத் தொடங்காதீர்கள்.

கேப்சைசினை நிறுத்தினால் பின்வாங்கிய நரம்பு முனைகள் மறுபடி வளர்ந்துவிடும். சில வாரம் விட்டுவிட்டு மீண்டும் ஆரம்பித்தால் முதல் வார எரிச்சலை மறுபடி எதிர்பார்த்தே கிரீம் குழாயைத் திறங்கள்.