பல் காட்டும் ஆள், கடி காட்டும் ஆள்

இறந்தவரின் பற்கள், உடலில் பதிந்த கடித்தடம் – இரண்டும் பல்மருத்துவத் தடயம்தான். ஆனால் ஒரே தராசில் நிற்காது.

இறந்தவரின் பற்களைப் பழைய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டால், அடைத்த பல், ரூட் கேனால், பிடுங்கிய இடம் எல்லாம் ஆளைச் சொல்லிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தில் வெளிநாட்டவர் பலரை அடையாளம் கண்டது இப்படித்தான். பழைய எக்ஸ்ரே கிடைக்காவிட்டால்தான் சிக்கல்.

கடித்தடம் வேறு கதை. தோல் என்ன மெழுகா? இழுபடும், வீங்கும், கன்றிப்போகும். அமெரிக்காவின் அரிசோனாவில், ஒரு கொலை வழக்கில் சந்தேகிக்கப்பட்ட ரே குரோனை ஸ்டைரோஃபோம் துண்டைக் கடிக்கச் சொன்னார்கள். சடலத்தின் தடத்தோடு பொருந்துகிறது என்று 1992-இல் மரண தண்டனை. 1996 மறுவிசாரணையிலும் குற்றவாளி என்றே தீர்ப்பு. இறந்தவரின் மேலாடையில் இருந்த எச்சிலின் டிஎன்ஏ வேறொருவரைக் காட்டிய பிறகே, 2002-இல் வெளியே வந்தார். என்னைக் கேட்டால், கடித்த இடத்தில் முதலில் எச்சிலைத்தான் ஒற்றி எடுக்கவேண்டும். பல் அச்செல்லாம் அப்புறம்.