லிஸ்டிங்ஸா, மின்டெட்டா?

லேடெக் என்ற ஆவண வடிவமைப்பு மென்பொருளில் ஆய்வேடு எழுதுகிறவர்கள் நிரல் வரிகளுக்கு வண்ணம் தீட்டும்போது லிஸ்டிங்ஸ், மின்டெட் என்ற இரண்டு துணைத் தொகுப்புகளில் எதை எடுப்பது என்று தவிக்கிறார்கள்.

நிறுவுதல்: லிஸ்டிங்ஸுக்கு லேடெக்கைத் தவிர வேறு மென்பொருள் வேண்டாம். மின்டெட்டுக்குப் பைத்தான் நிரல்மொழியும், நிரலுக்கு வண்ணம் தரும் அதன் பிக்மென்ட்ஸ் நூலகமும் வேண்டும்.

வண்ணம் மாற்றுதல்: லிஸ்டிங்ஸில் கீவேர்டுக்கு (மொழியின் சிறப்புச் சொற்கள்) ஒரு வரி, கமென்ட்டுக்கு (நிரலுக்குள் எழுதும் குறிப்பு) ஒரு வரி, ஸ்ட்ரிங்குக்கு (மேற்கோளுக்குள் வரும் உரை) ஒரு வரி, நினைத்த நிறம் உடனே வந்துவிடும். மின்டெட்டில் ஆயத்த வண்ணப் பாணியின் பெயரைக் கொடுத்தால் போதும். ஆனால் அதில் ஒரே ஒரு நிறத்தை மாற்ற, பைத்தானில் தனிப் பாணியே எழுத வேண்டியிருக்கும். அப்புறம், மோனோகாய் என்ற ஆயத்த பாணி கருப்புப் பின்னணிக்கானது. வெள்ளைத் தாளில் அச்சிட்டால் சாதாரண எழுத்துகள் கண்ணுக்கே தெரியாது. பின்னணி நிறத்தையும் சேர்த்தே கொடுங்கள்.

துல்லியம்: லிஸ்டிங்ஸ் சொற்பட்டியலைப் பார்த்து நிறம் தருகிறது, மின்டெட் மொழியின் இலக்கணத்தையும் ஓரளவு அறியும்.

தமிழ்க் கமென்ட்: லிஸ்டிங்ஸில் எழுத்துகள் இடம் மாறிச் சிதறும். இது எனக்குப் பெரிய குறை. மின்டெட்டோடு ஸீலேடெக்கும் (யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் லேடெக் வகை) தமிழ் எழுத்துருவும் இருந்தால் ஒழுங்காக வரும்.

நான்கைந்து நிரல் துண்டுகள், கோப்பை வேறொருவர் கணினியிலும் ஓட்ட வேண்டும் என்றால் லிஸ்டிங்ஸ். பல மொழி நிரல்கள் நிறைந்த புத்தகம், அல்லது தமிழ்க் கமென்ட் என்றால் மின்டெட்தான்.