ஃபார்மேட்டா, ரீசெட்டா, மேலேயே போடுவதா: அப்டேட் ஏறாத கணினிக்கு மூன்று வழிகள்

விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று, ரீஸ்டார்ட் ஆகி, செய்த மாற்றங்களையெல்லாம் நீக்கிவிட்டுப் பழைய நிலைக்கே வரும் கணினியை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ‘ஃபார்மேட் போட்டுரலாம்’, அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஃபார்மேட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரியும். பழுதைத் தேட எவ்வளவு ஆகும் என்று யாருக்கும் தெரியாது. கணினியின் சொந்தக்காரருக்குக் கணக்கு வேறு. என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: இருக்கிற விண்டோஸின் மேலேயே அதே விண்டோஸை மறுபடி போடுவது.

எந்த வழிக்கும் முன்னால் சில சில்லறைச் சோதனைகள். பிழை எண் 80070070 என்று முடிந்தால் சி டிரைவில் இடம் இல்லை, அவ்வளவுதான். தேதியும் நேரமும் தவறாக இருந்தால் மைக்ரோசாஃப்ட் சர்வரின் சான்றிதழைக் கணினி நம்பாது, டவுன்லோடே தொடங்காது. நேரம் அடிக்கடி பின்னுக்குப் போகிறதென்றால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கணினி அந்த இணைப்பை ‘மீட்டர்டு’ (அளவு பார்த்துச் செலவழிக்க வேண்டிய டேட்டா) என்று குறித்துக்கொண்டு அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கலாம். விண்டோஸ் 10 என்றால் இன்னொன்று: அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை என்பது பழுதே அல்ல. நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் பாதுகாப்பு அப்டேட் தொடரும்.

எண் 80073712 என்றால் விண்டோஸின் சொந்தக் கோப்புக் கிடங்கே சிதைந்திருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து முதலில் அந்தக் கிடங்கைப் பழுதுபார்க்கும் டிஐஎஸ்எம் கட்டளையை ‘ரெஸ்டோர்ஹெல்த்’ விருப்பத்தோடு ஓட்டுங்கள், அடுத்து கெட்ட சிஸ்டம் கோப்புகளை மாற்றும் எஸ்எஃப்சி. வரிசை மாறக் கூடாது. எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுப்பதே அந்தக் கிடங்கிலிருந்துதான். டிஐஎஸ்எம் 62.3 சதவீதத்தில் நெடுநேரம் அசையாமல் நிற்பதுண்டு, பயந்து மூடிவிடாதீர்கள். கடைசியில் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று அது கையை விரித்தால்தான் பெரிய வழிகளுக்கு வர வேண்டும்.

ஃபார்மேட்டின் நன்மை எல்லோருக்கும் தெரியும்: சுத்தம். வைரஸ் புகுந்த கணினிக்கு அதுவே சரி. ரீசெட், அதாவது விண்டோஸ் தன்னையே மறுபடி கட்டிக்கொள்வது, கேட்பதற்கு மென்மையாக இருக்கும். ‘என் கோப்புகளை வைத்திரு’ என்றால் படங்களும் ஆவணங்களும் தங்கும், நீங்களாகப் போட்ட புரோகிராம்கள் அத்தனையும் போகும். போனவற்றின் பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போகும். அதிலும் ஒரு சிக்கல். ‘லோக்கல் ரீஇன்ஸ்டால்’ என்பதைத் தேர்ந்தால் கணினியில் இருக்கும் கோப்புகளிலிருந்தே விண்டோஸைக் கட்டும். சிதைந்த செங்கல்லை வைத்து மறுபடி சுவர் எழுப்புவது போல. ரீசெட்தான் வேண்டுமென்றால் ‘கிளவுட் டவுன்லோட்’ எடுங்கள். 4 ஜிபிக்கு மேல் டேட்டா போகும்.

மூன்றுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்வது, முடிந்த பிறகு மறுபடி ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல்தான். விண்டோஸ் ஏற ஒரு மணி நேரம் என்றால், மற்றவை பழையபடி அமைய இரண்டு மூன்று நாள். பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், ஆபீஸ் கீ, டாலி லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்வது. டாலிபிரைமின் கணக்கு, இடத்தை நீங்கள் மாற்றாதவரை, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் ‘பப்ளிக்’ என்பதன் கீழே கிடக்கும். டெஸ்க்டாப்பையும் டாக்குமெண்ட்ஸையும் மட்டும் பென் டிரைவில் அள்ளிவிட்டு ஃபார்மேட் செய்தால் வருஷக் கணக்கு அங்கேயே அழிந்துவிடும். நம் குமரி மாவட்டத்தில் கோயில் கொடை நோட்டீஸும் சபை அறிக்கையும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ஃபார்மேட்டுக்குப் பின் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழ் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவிந்திருக்கும். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்கும்வரை வீட்டில் ரகளைதான். மேலேயே போடும் வழியில் இந்தப் பட்டியல் பெரும்பாலும் காலி. அச்சுப்பொறி டிரைவர் போல ஒன்றிரண்டு சில நேரம் உதிரலாம்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி போனால் ‘விண்டோஸ் அப்டேட் மூலம் சரிசெய்’ என்ற பொருளில் ஒரு பட்டன் இருக்கும். இதே வேலையைத் தானே செய்யும். ஆனால் படுத்துக் கிடக்கும் அப்டேட் இயந்திரத்தையே நம்பி நடக்கும் வேலை அது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (விண்டோஸ் செட்டப் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) இறக்கிக்கொள்வது நிச்சயமான வழி. கோப்பு 5 ஜிபியைத் தாண்டும், தினம் 2 ஜிபி பிளானில் ஒரே நாளில் முடியாது. ஃபைபர் உள்ள வீட்டில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவருவதானால் பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற வகையில் ஃபார்மேட் ஆகியிருக்க வேண்டும். ஃபேட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது.

சி டிரைவில் 25 ஜிபியாவது காலி செய்யுங்கள். வெளி ஆன்டிவைரஸை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். கீபோர்டு, மவுஸ் தவிர யுஎஸ்பியில் செருகியதைக் கழற்றுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஐஎஸ்ஓவை ‘மவுண்ட்’ செய்து (ஒரு டிரைவ் போலத் திறந்து), விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டப்பைத் திறக்க வேண்டும். அதிலிருந்து பூட் செய்தால் இந்த வழி கிடைக்காது. அப்டேட் இறக்கவா என்று கேட்டால் ‘இப்போது வேண்டாம்’.

அடுத்து வரும் திரையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கோப்புகளும் ஆப்களும் இருக்கட்டும்’ என்ற வரி தேர்வாகியிருக்க வேண்டும். அது மங்கலாக, அமுக்க முடியாமல் இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலும் மொழிதான் காரணம்: கணினியில் இருப்பது பிரிட்டிஷ் ஆங்கிலம், இறக்கியது அமெரிக்க ஆங்கிலம். தளத்தில் ‘இங்கிலீஷ் இன்டர்நேஷனல்’ என்று இருப்பதுதான் பிரிட்டிஷ் வகை. டிஐஎஸ்எம்மில் ‘கெட்-இன்டெல்’ விருப்பம் கொடுத்தால் கணினியின் மொழி தெரியும். ஐஎஸ்ஓ கணினியில் உள்ளதைவிடப் பழைய பதிப்பாக இருந்தாலும் இதே மங்கல்தான்.

எஸ்எஸ்டி என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடிவது வழக்கம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு என்று உறுதி சொல்ல மாட்டேன், அரை நாளை ஒதுக்குங்கள். பாதியில் சி1900101 என்று தொடங்கும் எண் காட்டித் திரும்பினால் ஏதோ ஒரு டிரைவர்தான் குற்றவாளி. பழைய வைஃபை டாங்கிள், கிராஃபிக்ஸ் டிரைவர் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். கணினி பூட்டே ஆகவில்லை, அல்லது டிஸ்க்கில் பேட் செக்டர் (கெட்டுப்போன பகுதி) கூடிவருகிறது என்றால் இந்த வழி உதவாது. டிஸ்க்கை மாற்றிப் புதிதாகப் போடுங்கள்.

கரண்ட் விஷயம். முதல் ரீஸ்டார்ட்டுக்கு முன் போனால் பாதகமில்லை, மறுபடி தொடங்கலாம். அதற்குப் பின் போனால் கணினி பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். அந்தத் திரும்புதலின் நடுவிலும் போனால்தான் ஆபத்து. டெஸ்க்டாப்புக்குச் சாதாரண யுபிஎஸ் சில நிமிஷம்தான் தாங்கும், ஒரு மணி நேரம் தாங்காது. இன்வெர்ட்டர் லைனில் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேற்கே இடி உறுமத் தொடங்கினால் அன்றைக்கு செட்டப்பைத் திறக்காதீர்கள்.