வார இறுதி வகுப்பா, வாரம் ஒரு தலைப்பா?

போட்டோ எடுக்கப் பழக இரண்டையும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போன வருடம் மூன்று மாதம், சனிக்கிழமை காலைகளில், கொழும்பில் ஒரு போட்டோ வகுப்புக்குப் போனேன். அது முடிந்த கையோடு ஆறு பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினோம். திங்கட்கிழமை ஒரு தலைப்பு வரும், ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் ஆளுக்கு ஒரே ஒரு படம் போட வேண்டும், பிறகு எல்லாரும் எல்லாருடைய படத்துக்கும் கருத்துச் சொல்ல வேண்டும். எட்டு மாதமாக ஓடுகிறது. எது நல்லது என்று கேட்டால் குழுதான் என்பேன், ஆனால் வகுப்பில் கிடைத்ததை மறைத்துப் பேசினால் பாவம் பிடிக்கும், அதனால் முதலில் அது.

காசைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வகுப்புக்குக் கட்டிய பணத்தில் பாவித்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கியிருக்கலாம். குழுவுக்கு டேட்டா செலவு மட்டும்தான்.

வகுப்பால், எல்லாவற்றையும் கமராவே தீர்மானிக்கும் ஓட்டோ மோட் மேல் இருந்த பைத்தியம் தெளிந்தது. லென்ஸின் துவாரத்தை எஃப் 4இலிருந்து எஃப் 5.6க்குச் சுருக்கினால் உள்ளே வரும் வெளிச்சம் பாதியாகிவிடும், அதை ஈடுகட்ட ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 செக்கனிலிருந்து 1/125க்குக் கூட்டு, இல்லையென்றால் கமராவின் வெளிச்ச உணர்திறனான ஐஎஸ்ஓவை 400இலிருந்து 800க்கு ஏற்று என்பதை யூடியூப்பில் பத்துத் தரம் கேட்டிருப்பேன், மண்டையில் ஏறவில்லை. ஒருவர் பக்கத்தில் நின்று என் கமராவின் டயலைத் திருப்பிக் காட்டியபோது ஐந்து நிமிடத்தில் ஏறியது. ஒருநாள் லயனல் வென்ட் கலை மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சிக்கும் கூட்டிப்போனார்கள். வென்ட் இதே கொழும்பில் சட்டத்தையும் பியானோவையும் கடந்து கமராவுக்கு வந்து 1944இல் இறந்துபோன மனிதர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். போனில் விரலால் தள்ளிப் பார்க்கிற படத்தைச் சுவரில் பெரிதாகப் பார்ப்பது வேறு விஷயம், அதைக் குழுவால் தர முடியாது. இன்னொன்று, கோட்டைப் பக்கம் தனியாகக் கமராவோடு நின்றால் என்ன எடுக்கிறீர்கள் என்று கேட்க யாராவது வருவார்கள். இருபது பேராகப் போனால் ஒருவரும் கேட்பதில்லை.

குறை என்னவென்றால் நேரம். ஒன்பது மணிக்குத் தொடங்கி, வெளியே படம் எடுக்கப் போகும்போது பத்தரை ஆகிவிடும். கொழும்பு வெயிலில் பத்தரைக்கு முகத்தை எடுத்தால் கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு கரும் குழிதான் இருக்கும். வகுப்பு எடுத்த சேர் என்ன செய்வார், அவருக்குக் கிடைத்த மண்டப நேரம் அது.

தனியாக நாளுக்கு ஒரு படம் என்ற முறையையும் முயன்றேன். நாற்பதாவது நாளைத் தாண்டவில்லை, அதில் பாதி தேத்தண்ணிக் கோப்பை. பேஸ்புக்கில் போட்டு லைக் எண்ணுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், சித்தியின் லைக் எந்தப் படத்துக்கும் விழும்.

சரி, என் முடிவு எங்கே நின்றது என்பதற்கு வருகிறேன். குழுவின் மூன்றாவது வாரத் தலைப்பு 'காத்திருப்பு'. வெள்ளவத்தை ஸ்டேஷனில் மாலை ஐந்தரைக்குப் போய் நின்று, கடலைப் பார்த்தபடி பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்த ஒரு வயதானவரைக் கேட்டுவிட்டு எடுத்தேன். எழுபது, எண்பது தரம் அமுக்கியிருப்பேன். கடல் மட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்து, நிறத்தைக் கொஞ்சம் சூடாக்கி, பெருமையோடு போட்டேன். குழுவில் ஓய்வு பெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர் எழுதியது ஒரே வரி: "தம்பி, அந்த ரோஸ் பை ஆற்றை?"

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். பார்மசியில் வேலை செய்யும் அக்கா அடுத்து எழுதினார்: "நான் முதல் கண்டது பையைத்தான், ஐயாவைப் பிறகுதான் கண்டனான்." படத்தைத் திறந்து பார்த்தால் பெஞ்சின் காலடியில், இடப்பக்க மூலையில், ஒரு ரோஸ் நிறச் சொப்பிங் பை, மாலை வெயில் நேராக அதன் மேல் விழுந்து விளக்குப் போல எரிகிறது. ஐந்து பேரில் நான்கு பேர் அதையே சொன்னார்கள். எடுக்கும்போது, தெரிவு செய்யும்போது, நிறத்தைத் திருத்தும்போது, இத்தனை தரம் பார்த்தும் அது என் கண்ணில் படவே இல்லை.

அன்றிரவு வகுப்புக் கொப்பியைத் தேடி எடுத்தேன். மூன்றாம் வாரப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: கண் முதலில் வெளிச்சமான இடத்துக்கும் பளிச்சென்ற நிறத்துக்கும் போகும். சிவப்புப் பேனாவால் கீழே கோடு வேறு. கோடு போட்ட ஆளுக்குத்தான் பை தெரியவில்லை.

வகுப்பில் இது ஏன் நடக்கவில்லை என்று யோசித்தேன். இருபது பேர், ஒருவர் படத்துக்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம், அதிலும் காசு கட்டி வந்தவர்களிடம் சேர் கடுமையாகப் பேச மாட்டார், "நல்ல முயற்சி" என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார். முக்கியமாக, நான் அங்கே மற்றவர்கள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தேவையிருக்கவில்லை. குழுவில் வாரம் ஐந்து படங்களுக்கு எழுத வேண்டும், எட்டு மாதத்தில் நூற்றைம்பதுக்கு மேல் எழுதியாயிற்று. எனக்கு வந்த கருத்துகளைவிட இந்த எழுத்துத்தான் என்னைத் திருத்தியது என்று நினைக்கிறேன். அடுத்தவர் படத்தில் மூலையில் கிடக்கும் குப்பையை ஒவ்வொரு வாரமும் காட்டிக்கொடுத்துப் பழகினால், கொஞ்ச நாளில் அமுக்குவதற்கு முன் கண் தானாக நாலு மூலைக்கும் போய் வருகிறது.

ஆனால் சும்மா குழு தொடங்கினால் இது நடக்காது. எங்களிடம் சில கட்டுப்பாடுகள் உண்டு. "நல்லா இருக்கு", "சூப்பர்" தடை. கண் முதலில் எங்கே போனது என்று எழுத வேண்டும், எதை வெட்டியிருக்கலாம் என்று எழுத வேண்டும். எல்லாரும் சொல்லி முடிக்கும்வரை படம் எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது, இல்லையென்றால் விளக்கம் கொடுத்தே தப்பிவிடுவார். படத்தை டொக்கியுமெண்டாக அனுப்ப வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை நசுக்கிவிடும், ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ விவரமும் போய்விடும், பிறகு ஏன் ஆடியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

தலைப்பு வைப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 'கோயில்', 'கடல்' என்று பொருளைக் கொடுத்தால் ஆறு பேரும் காலிமுகத்திடலிலோ செட்டியார் தெருவிலோ போய் நிற்பார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் 'நிழல்' வைத்தோம். வங்கியில் வேலை செய்யும் தம்பி ஒருவன், அந்த நாட்களில் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே வரும் என்று தெரிந்து, பன்னிரண்டேகால் அளவில் காலிமுகத்திடலில் ஒரு விளக்குக் கம்பத்தை எடுத்துப் போட்டான். வெயிலில் காயும் வெறும் தரை, கம்பம், நிழலே இல்லை. பத்தரை மணி வெயிலைக் குறை சொன்ன எனக்கு அது நல்ல அடி.

குழுவிலும் பிரச்சினை இல்லாமல் இல்லை. ஆறு பேரைப் பதினொன்றாக்கிப் பார்த்தோம், பத்துப் படத்துக்கு யார் எழுதுவது, பழையபடி "சூப்பர்" வந்துவிட்டது, திரும்பக் குறைத்தோம். ஒருவர் என்னுடைய ஒரு வரியால் மனம் நொந்து விலகிப் போனார். நான் எழுதிய விதம் பிழை, இப்போதும் உறுத்துகிறது. அப்புறம், எட்டு மாதத்தில் ஆறு பேருடைய ரசனையும் ஒன்றாகிக்கொண்டு வருகிறதோ என்று ஒரு சந்தேகம். கறுப்பு வெள்ளை கொஞ்சம் கூடிப்போயிற்று. இரண்டு வருடம் ஓடினால் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. கமராவைத் தொட்டே பார்க்காதவர் நேரே குழுவுக்கு வரலாமா என்பதும் எனக்குத் தெரியாது, நாங்கள் ஆறு பேருமே எங்கோ ஓரிடத்தில் அடிப்படை படித்துவிட்டு வந்தவர்கள்.

பிளாஷ், ஸ்டூடியோ விளக்கு, கல்யாண வீடு என்று போக நினைப்பவர்கள் வகுப்புக்கே போங்கள். அந்தப் பக்கத்தில் எங்களுக்கு அனுபவம் பூச்சியம். மாஸ்டர் மகளுக்கு ஆவணியில் கல்யாணம், படம் எடுக்க வெளியில் ஆள் பிடித்துவிட்டார், குழுவில் ஒருவரிடமும் கேட்கவில்லை.