ஒற்றைக் கையால் பிளேடு கழற்றும் டப்பா: ஓ.டி. நர்ஸ் ஒருவரின் மதிப்பீடு

எங்கள் ஆபரேஷன் தியேட்டருக்கு (ஓ.டி.) ஆபரேஷன் கத்தியின் பிளேடைக் கழற்றும் டப்பா வந்ததில் இருந்து, மற்ற ஊர்களில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் தோழிகள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வாங்கலாமா, பணத்துக்குத் தகுமா, கவ்விப் பிடிக்கும் இடுக்கியான ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் வைத்துக் கழற்றினால் போதாதா? வாங்கலாம் என்பதுதான் என் பதில். ஆனால் எதை வாங்குகிறோம், எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அது பயன்படும். மாவட்டத் தலைநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையின் ஓ.டி. இன்சார்ஜாக நான் பார்த்ததை எழுதுகிறேன்.

தியேட்டருக்கு வெளியே இருப்பவர்களுக்காக முதலில் கத்தியைப் பற்றிக் கொஞ்சம். நாங்கள் பி.பி. (பார்ட்-பார்க்கர்) ஹேண்டில் என்று சொல்வது எஃகுக் கைப்பிடி. அதைக் கழுவி, ஆட்டோகிளேவ் செய்து (அழுத்த நீராவியில் கிருமி நீக்கி) திரும்பத் திரும்பப் பயன்படுத்துவோம். பிளேடு தனி, ஒரு நோயாளியோடு அதன் வேலை முடிந்தது. 1915-ல் அமெரிக்காவில் மார்கன் பார்க்கர் கண்டுபிடித்த அமைப்பு இது. இன்றுவரை பெரிதாக மாறவில்லை. கைப்பிடியின் நுனியில் இரண்டு பக்கமும் பள்ளம் வெட்டிய சின்ன நாக்கு இருக்கும். பிளேடின் நடுவில் உள்ள துளை அந்தப் பள்ளத்தில் சறுக்கி இறங்கி, சாய்வான அடி விளிம்பு உட்கார்ந்ததும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பு இருப்பதால்தான் சர்ஜன் அழுத்தி வெட்டும்போது பிளேடு அசைவதில்லை. கழற்றும்போது தொல்லை கொடுப்பதும் அதே பிடிப்புதான்.

ஃபோர்செப்ஸால் கழற்றும் முறையை நர்ஸிங் படித்த எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கைப்பிடியை இடது கையில் பிடித்து, பிளேடின் நுனி தரையைப் பார்க்க, ஆள் இல்லாத பக்கமாகத் திருப்ப வேண்டும். வலது கையில் உள்ள ஆர்ட்டரியால் அல்லது நீடில் ஹோல்டரால் வெட்டாத முதுகுப் பக்கத்தை, அடிக்கு அருகில் கவ்வ வேண்டும். அடி விளிம்பை ஒரு மயிரிழை தூக்கி, முன்னால் தள்ள வேண்டும். சொல்லும்போது எளிது. கேஸ் முடிந்த நேரத்தில் கையுறையில் ரத்தம் இருக்கும், கைப்பிடியில் கொழுப்பு படிந்திருக்கும், பிளேடோ அவ்வளவு லேசில் அசையாது. கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒரே துள்ளலில் விடுபட்டு முன்னால் பாயும். கவ்விய இடம் கொஞ்சம் முன்னால் தள்ளிப் போயிருந்தால் பிளேடு உடைந்து பறப்பதும் உண்டு. ஒரு கை கைப்பிடியில், இன்னொரு கை அதை நோக்கி என்று இரண்டு கையும் பிளேடுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. விரலால் கழற்றுபவர்களைப் பற்றி இங்கே பேசவே வேண்டாம். யாரும் எந்த அவசரத்திலும் அப்படிச் செய்யக் கூடாது.

இதைவிட எனக்குக் கவலை தந்தது, கழற்றாமல் விட்ட பிளேடு. அடுத்த கேஸுக்கு அவசரமாக டேபிளைக் காலி செய்யும்போது, கைப்பிடியோடு பிளேடும் சேர்ந்து ட்ரேயில் கருவிகளுக்கு அடியில் போய்விடும். கருவிகளைச் சுத்தம் செய்து கிருமி நீக்கும் பிரிவான சி.எஸ்.எஸ்.டி.யில் கருவி கழுவும் தம்பி அதைத் தண்ணீருக்குள் கைவிட்டுத்தான் எடுப்பார். இல்லையென்றால் நோயாளி மேல் போர்த்திய டிரேப் துணிக்குள் சுருட்டிக்கொண்டு லாண்டரிக்குப் போகும், அல்லது பஞ்சோடு மஞ்சள் கழிவுப் பையில் விழும். வெட்டு வாங்குவது கத்தியைப் பிடித்தவராக இருக்க மாட்டார். கழுவுபவரும் கூட்டுபவரும் பை கட்டுபவரும்தான். அவர்களில் பலருக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் முடிந்திருக்காது. இந்தப் பொருளை நான் மதிப்பிடுவதே அவர்களை வைத்துத்தான்.

சரி, டப்பாவுக்கு வருகிறேன். நாங்கள் வாங்கியது கிளிக்ஸ்மார்ட் (Qlicksmart) என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் பிளேட்ஃபிளாஸ்க். பிரிஸ்பேனில் இருக்கும் நிறுவனம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிளேடு கழற்றுவதற்கென்றே 1998-ல் ஒரு தனித் தரநிலை வெளியிட்டார்கள். இந்த விஷயத்தை அங்கே எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார்கள் என்பது அதிலேயே தெரியும். டப்பாவின் ஒரு முனையில் கைப்பிடி நுழையும் அளவுக்குச் சின்ன வாய் இருக்கிறது. சுவரில் மாட்டும் தாங்கியில் அதைப் பொருத்திவிட்டால் இன்னொரு கையால் பிடிக்க வேண்டியதில்லை. பிளேடோடு கைப்பிடியை நேராக உள்ளே தள்ள வேண்டும். 'கிளிக்' என்று சத்தம் கேட்கும். வெளியே இழுத்தால் வெறும் கைப்பிடி மட்டும் வரும், பிளேடு உள்ளேயே விழுந்துவிடும். அவ்வளவுதான். ஒரு டப்பாவுக்கு 100 பிளேடு வரை கொள்ளும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கிளிக் சத்தம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு ஃபோர்செப்ஸ் முறையைச் சொல்லிக் கொடுத்தால், எவ்வளவு தூக்க வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும் என்பது கைக்குப் பழக நாளாகும். இங்கே கிளிக் கேட்கும்வரை தள்ளு, கேட்டதும் இழு என்றால் போதும், முதல் தடவையிலேயே வந்துவிடுகிறது. அடுத்தது, உள்ளே போன பிளேடை யாராலும் தொட முடியாது. ஃபோர்செப்ஸால் கழற்றினால் அதற்கப்புறமும் வேலை மிச்சம் இருக்கும். ஆர்ட்டரியின் நுனியில் தொங்கும் பிளேடை ஷார்ப்ஸ் டப்பா வரை நடந்து கொண்டுபோய்ப் போட வேண்டும். அந்தச் சில அடி தூரத்தில் யாராவது குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்ற பயம் இப்போது இல்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. இது தட்டையான சாதாரண பி.பி. ஹேண்டில்களுக்கான டப்பா. 10, 11, 15 எண் பிளேடுகள் ஏறும் 3-ஆம் எண் கைப்பிடிக்கும், 20-இல் இருந்து 24 வரையிலான பெரிய பிளேடுகள் ஏறும் 4-ஆம் எண் கைப்பிடிக்கும் நன்றாக வேலை செய்கிறது. கண் ஆபரேஷனில் பயன்படும் உருண்டையான கைப்பிடிகளை இதில் நுழைக்கக் கூடாது. கண் மருத்துவமனைத் தோழிகள் தங்கள் கருவிகளுக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும். பாதி உடைந்த பிளேடுக்கும் இது சரிப்படாது. அதற்கு ஃபோர்செப்ஸும் பொறுமையும்தான் வேண்டும். கைப்பிடியைச் சாய்த்துத் தள்ளாமல் நேராகத் தள்ளினால்தான் கிளிக் கேட்கும்.

ஸ்டெரைல் பிரச்சினைதான் இதில் பெரியது. பிளேட்ஃபிளாஸ்க் ஸ்டெரைல் பொருள், அதாவது கிருமி நீக்கிய பொருள் அல்ல, சுவரில் இருப்பது. ஸ்க்ரப் ஆகி (கை கழுவி, ஸ்டெரைல் கவுனும் கையுறையும் போட்டு) நிற்கும் நர்ஸ் கேஸ் நடுவில் அதைத் தொட முடியாது. பிளேடும் எண்ணிக்கையில் வரும் பொருள். பஞ்சு, ஊசியோடு சேர்த்துப் பிளேடையும் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் நோயாளியின் வயிற்றை மூடி முடிப்போம். டப்பாவுக்குள் போன பிளேடை எடுத்துக் காட்ட முடியாது. அதனால் எங்கள் தியேட்டரில் கடைசி எண்ணிக்கை முடியட்டும், பிறகு கழற்றலாம் என்று வைத்திருக்கிறோம். கேஸ் நடுவே தோலுக்கு ஒரு பிளேடு, உள்ளே ஒரு பிளேடு என்று மாற்றும் சர்ஜன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அதே நிறுவனம் பிளேட்கேசட் என்று ஒன்று வைத்திருக்கிறது. அது ஸ்டெரைலாகவே வரும், மூன்று பிளேடு கொள்ளும், டிராலி மேலேயே வைத்துக்கொள்ளலாம், ஒரு கேஸோடு தூக்கிப் போட்டுவிட வேண்டும். பொருள் அருமை. ஆனால் ஒவ்வொரு கேஸுக்கும் ஒன்று என்றால் எங்களைப் போன்ற மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகாது. பெரிய கேஸ்களுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம். சிசேரியனுக்கும் ஹெர்னியாவுக்கும், பிளேடு கழற்றும் பள்ளத்தோடு வரும் நீடில் கவுன்ட்டர் பெட்டி போதும். அடியில் ஒட்டும் பசை இருப்பதால் டிராலியில் நகராது, ஊசியையும் பிளேடையும் ஒரே இடத்தில் எண்ணலாம்.

விலை குறைவு என்று வேறொரு டப்பாவும் வாங்கிப் பார்த்தோம். பெயர் சொல்ல விரும்பவில்லை. தள்ளும்போது கிளிக் தெளிவாகக் கேட்காது. வெளியே இழுத்தால் சில நேரம் பிளேடு பாதி கழன்ற நிலையில் கைப்பிடியோடு திரும்பி வந்தது. கழன்றுவிட்டது என்று நம்பி கையில் எடுப்பவருக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து! இந்த மாதிரிப் பொருளில் பத்துக்கு ஒன்பது முறை சரியாக வேலை செய்தால் போதாது. பத்தாவது முறை யாரும் கவனமாக இருக்க மாட்டார்கள். எந்த நிறுவனத்தின் டப்பாவாக இருந்தாலும், மொத்தமாக ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் தியேட்டரின் பழைய, தேய்ந்த கைப்பிடிகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். கம்பெனிக்காரர் கொண்டுவரும் புத்தம்புதுக் கைப்பிடியில் எல்லாம் அழகாகத்தான் நடக்கும்.

அடுத்து, நிறைந்த டப்பாவை என்ன செய்வது? இங்கே ஒரு குழப்பம் வருகிறது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் ஷார்ப்ஸ் டப்பா மஞ்சள் நிறம். நம் நாட்டில் மஞ்சள் என்றால் எரிக்கப் போகும் கழிவு. 2016-ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி ஊசி, பிளேடு போன்ற கூரிய உலோகங்கள் போக வேண்டியது வெள்ளை நிற, ஒளி ஊடுருவும், குத்திக் கிழியாத, கசியாத, திறக்க முடியாத கொள்கலனுக்கு. அவை ஆட்டோகிளேவ் அல்லது உலர் வெப்பத்தில் கிருமி நீக்கப்பட்டு, துண்டாக்கப்பட்டு, பிறகு இரும்பு வார்ப்பாலைக்கோ நிலநிரப்பலுக்கோ கான்கிரீட் குழிக்கோ போகும். அதனால் நீங்கள் வாங்கும் பிளேடு டப்பா எந்த நிறமாக இருந்தாலும், நிறைந்ததும் அதை அப்படியே வெள்ளைக் கொள்கலனுக்குள் வைத்து, பார்கோடு ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். மஞ்சள் பைக்குள் போட்டுவிடாதீர்கள். எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காமார்களிடம் இதைத் தனியாக உட்கார்ந்து சொன்னோம். "அப்போ இந்த டப்பாவைத் திறந்து கொட்ட வேண்டாமா சிஸ்டர்?" என்று ஒரு அக்கா கேட்டார். மிக நல்ல கேள்வி. திறக்கவே கூடாது, கொட்டவே கூடாது, டப்பாவோடுதான் போக வேண்டும். மறுபடி பயன்படுத்த முடியாதே என்று யாராவது கத்திரிக்கோலை விட்டு நெம்பப் பார்ப்பார்கள், அதையும் முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். வெள்ளைக் கொள்கலனும் முக்கால் பங்கு நிறைந்ததும் மூடப்பட வேண்டும். அழுத்தி இடம் பண்ணுவது வேண்டாம்.

பர்சேஸ் பிரிவில் வழக்கமாக வரும் கேள்வி, சில ரூபாய் பிளேடைத் தூக்கிப் போட இவ்வளவு விலையில் டப்பாவா என்பது. டப்பாவின் விலையை 100 பிளேடால் வகுத்துக் காட்டினேன். கூடவே ஒரு வெட்டுக் காயம் ஏற்பட்டால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். நோயாளிக்கும் ஊழியருக்கும் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் 28 நாள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து, மாதக் கணக்கில் மறுபரிசோதனை, அத்தனை நாளும் அந்த ஊழியரின் வீட்டில் தூக்கமின்மை. ஊசிக் குத்தில் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம்தான். ஹெபடைட்டிஸ் பி-க்கு, தடுப்பூசி போடாதவராக இருந்தால், 6 முதல் 30 சதவீதம் வரை. ஒப்புதல் கிடைத்துவிட்டது.

தியேட்டரைவிட இது அதிகம் தேவைப்படும் இடம் பேத்தாலஜி லேப் என்று எனக்குத் தோன்றுகிறது. அங்கே கிராஸிங் டேபிளில் திசு வெட்டும் டெக்னீஷியன் ஒரு ஷிஃப்டில் பல பிளேடு மாற்றுவார். கொழுப்பு நிறைந்த மார்பகத் திசு வெட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும், கையும் வழுக்கும். ஸ்டெரைல் தொல்லையும் அங்கே இல்லை. எங்கள் லேபுக்கு ஒன்று மாட்டினோம். அதற்கப்புறம் அங்கே யாரும் ஃபோர்செப்ஸைத் தேடவில்லை. சீழ் கீறும் டிரெஸ்ஸிங் அறை, கால்நடை மருத்துவமனை, தோல் மருத்துவர் கிளினிக் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கையை வெட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன், டப்பா இருக்கிறதே என்று இதை மறந்துவிடக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், விரலை வாயில் வைக்காதீர்கள், காயத்தில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லுங்கள். தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மாட்டும் இடத்தைப் பற்றிக் கடைசியாக. எங்களுக்கு முதலில் அதை ஓ.டி. கதவுக்கு வெளியே, கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிக் கொடுத்தார்கள். பிளேடோடு கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் யாரும் நடக்கப் போவதில்லை, நடக்கவும் கூடாது. இப்போது ஒவ்வொரு தியேட்டருக்குள்ளும், கருவி டிராலி நிற்கும் சுவரில், நடுத்தர உயரமுள்ளவரின் முழங்கை மட்டத்தில் மாட்டியிருக்கிறோம். வாய் கண்ணுக்குத் தெரிகிறது, கைப்பிடி நேராக நுழைகிறது. மைனர் ஓ.டி.க்கும் கேஷுவாலிட்டி தையல் அறைக்கும் அடுத்த இன்டென்ட்டில் எழுதியிருக்கிறேன்.