சாவிக்கொத்தில் மாட்டும் குட்டி டார்ச் லைட்: காசு கொடுக்கலாமா?

பெட்டியில் 500 லுமென் (லைட்டு தரும் வெளிச்சத்தின் அளவு) என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பொய் இல்லை, ஆனால் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் உண்மை. கட்டைவிரல் அளவு அலுமினிய உடம்பு, உள்ளே 300 மில்லிஆம்ப் மணி லித்தியம் பேட்டரி, அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே இருக்கிற மொத்தச் சரக்கே 1.1 வாட் மணிதான். 500 லுமென் வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 5 வாட் தேவை. வகுத்துப் பாருங்கள், கால் மணி நேரம்கூட வராது. அதற்கு வெகு முன்பே உடம்பு சூடேறி, லைட்டு தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அந்த நம்பரைப் பார்த்து வாங்க வேண்டாம். நான் அன்றாடம் வைத்திருப்பது 50 லுமெனுக்குப் பக்கத்தில் இருக்கும் நடு அளவு, அதிலும் கீழே 1 லுமென் அளவு. இந்த லைட்டின் அருமை அந்த 1 லுமெனில்தான் இருக்கிறது.

பிராண்டு பெயரைச் சொல்லவில்லை, காரணம் இதே சாமான் அச்சு மாறாமல் நாலு பெயரில் ஆன்லைனில் கிடக்கிறது, விலை ஆயிரத்துச் சொச்சம். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் கடைகளில் இதைவிடச் சல்லிசாகவும் சாவி லைட்டுகள் தொங்கும், பொத்தான் பேட்டரி போட்டது. அது பிள்ளைகள் விளையாடத்தான் சரி.

போனில்தான் லைட்டு இருக்கிறதே என்று எல்லோரும் கேட்கிறார்கள். இருக்கிறது. ராத்திரி கரண்ட் போய், மாடிப்படிக்கு அடியில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கம்பி மாற்றும்போது போனை எங்கே வைப்பது? வாயில் கவ்வ முடியாது, யாரையாவது பிடிக்கச் சொன்னால் அவர் வெளிச்சத்தை நம் கண்ணிலேயே அடிப்பார். இதில் ஒரு கிளிப் இருக்கிறது, தொப்பி விளிம்பில் செருகினால் தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் வரும், இரண்டு கையும் சும்மா இருக்கும். பின்பக்கம் காந்தமும் உண்டு. நத்தம் ரோட்டில் இருட்டில் பைக் செயின் கழன்றபோது சைலன்சருக்கு மேலே இருந்த இரும்புச் சட்டத்தில் ஒட்டவைத்துதான் மாட்டினேன். புதுவண்டிகளில் பாதி பிளாஸ்டிக் என்பதால் ஒட்டும் இடத்தைத் தேட வேண்டியிருக்கும், அது லைட்டின் குற்றமில்லை.

திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு இதைக் கூட்டிப்போனபோதுதான் இதன் முழு லட்சணம் தெரிந்தது. 18 கொண்டை ஊசி வளைவு ஏறி, மேலே தனியார் தோட்டத்தில் கூடாரம். (காட்டுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போட வனத்துறை விடாது, அந்த ஆசையோடு கிளம்பாதீர்கள்.) இதன் வெளிச்சம் தூரமாகப் பாயாது, அகலமாகப் பரவும். கூடாரத்துக்குள், அடுப்புப் பக்கம், காலடி பார்த்து நடக்க, இதுதான் வேண்டும். கூடாரத்து உச்சியில் இருக்கும் கொக்கியில் தொங்கவிட்டு 50 லுமெனில் வைத்தால் நாலு பேர் உட்கார்ந்து பரோட்டா சால்னா சாப்பிடலாம். பனி இறங்கிவிட்டால் மேல் அளவு வீண், எதிரே வெள்ளைச் சுவர் மாதிரி நிற்கும், இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடித்தால்தான் பாதை தெரியும். தோட்டத்து எல்லையில் காட்டுமாடு வந்தால் அது என்னவென்று பார்க்கும் அளவுக்கு இந்த லைட்டு எட்டாது, எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். போன் லைட்டை ஒரு தடவை அடித்தால் அவ்வளவும் போச்சு, மறுபடி முதலில் இருந்து நட்சத்திரம் தேட வேண்டும். 1 லுமெனில் செருப்பைத் தேடிப்போட்டு ஒன்றுக்குப் போய்வரலாம், பக்கத்தில் படுத்திருப்பவர் புரண்டுகூடப் படுக்க மாட்டார். வீட்டிலும் இப்போது நடு ராத்திரிக்கு இதுதான்.

எனக்குப் பிடிக்காதது வெளிச்சத்தின் நிறம். நீலம் கலந்த பச்சைவெள்ளை. அடுப்பில் கோழி வெந்துவிட்டதா, உள்ளே இன்னும் சிவப்பு இருக்கிறதா என்றே கண்டுபிடிக்க முடியவில்லை, கடைசியில் பிய்த்துத் தின்றுதான் பார்த்தோம். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனை சிஆர்ஐ என்று 100-க்குக் கணக்கிடுவார்கள், 90-க்கு மேல் இருக்கும் எல்இடி போட்ட குட்டி லைட்டுகளும் வருகின்றன. லுமென் கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பக்கவாட்டில் ஒரு யூவி (புற ஊதா) எல்இடி வேறு. சும்மா அலங்காரம் என்று நினைத்தேன், ஆனால் யூவி வெளிச்சம் பட்டால் தேள் பச்சைநீலமாக ஒளிரும், பாறை இடுக்கிலும் விறகுக் குவியலிலும் கை வைக்கும் முன்னால் ஒரு சுற்று அடித்துவிடலாம். ரூபாய் நோட்டில் உள்ள எண்களும் இழைகளும்கூட யூவியில் மின்னும், கடை வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு லாபம்.

சரி, கடுப்பேற்றும் சங்கதிகளுக்கு வருவோம். பொத்தான் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. பைக்குள் சாவியோடு உரசித் தானாக எரிந்து, தொடை சுடும்போதுதான் தெரியவரும். பொத்தானைப் பூட்டும் வசதி இருக்கிறது, ஆனால் அவசரத்துக்கு எடுக்கும்போது பூட்டைத் திறக்க இரண்டு தட்டு. சார்ஜ் ஓட்டை சி டைப்தான், ஆனாலும் இரண்டு முனையும் சி டைப்பாக உள்ள கேபிளில் ஏறாது, ஒரு முனை பழைய சப்பை யூஎஸ்பியாக இருக்கும் கேபிள்தான் வேண்டும். உள்ளே இரண்டு சின்ன ரெசிஸ்டர் வைக்காமல் மிச்சம் பிடித்ததன் விளைவு, சில பைசா சமாச்சாரம். ஓட்டையை மூடும் ரப்பர் இப்போதே தளர்ந்துவிட்டது, ஆகவே மழைத்தண்ணீர் சங்கதியில் பெட்டியில் போட்டிருப்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கூட வந்த வளையம் சோதா, வேறு வளையம் போட்டுவிட்டேன். பேட்டரி செத்தால் மாற்ற வழியில்லை, லைட்டையே தூக்கிப்போட வேண்டியதுதான்.

அலங்காநல்லூர்ப் பக்கம் சித்தப்பாவுக்கும் ஒன்று வாங்கித் தரலாமா என்று காட்டினேன். மோட்டார் போட ராத்திரியில் மும்முனைக் கரண்ட் வரும் நேரத்துக்கெல்லாம் வரப்பில் நடக்கிறவர், கட்டுவிரியன் நடமாடுவதும் அந்த நேரத்தில்தான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "ஏப்பா, இத வச்சுப் பாம்பத் தேடுறதுக்குள்ள அது வீடு போய்ச் சேர்ந்துரும்" என்று கொடுத்துவிட்டார். அவர் சொன்னது சரி. வயலுக்குப் பெரிய டார்ச்சோ தலையில் மாட்டும் லைட்டோதான் வேண்டும், கூடவே தரையில் தட்டிக்கொண்டு போக ஒரு கம்பு.

அம்மாவுக்கு இந்த ரகமே வேண்டாம் என்று முடிவுசெய்து, ஒற்றை ஏஏஏ பேட்டரியில் தலையைத் திருகினால் எரியும் லைட்டைத் தேடிக்கொண்டிருக்கிறேன். வெளிச்சம் 100 லுமெனுக்குள்தான் இருக்கும், ஆனால் பைக்குள் தானாக எரிவது அபூர்வம், பேட்டரி கட்டை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். சாதாரணக் கட்டையை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசிந்து லைட்டைத் தின்றுவிடும், சார்ஜ் ஏற்றும் ஏஏஏ போட்டுக் கொடுத்தால் அந்தப் பயம் குறைவு.